கோவையில் கேஸ், கொழிஞ்சாம்பாறையில் வீடு: எந்த ஊர் வக்கீல்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை என் பிறந்த வீடு. கோவையில் வாழ்க்கைப்பட்டேன். எட்டு மாதமாக நான்கு வயது மகனோடு அப்பா வீட்டில் இருக்கிறேன். போன வாரம் கோவை குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது, கணவர் விவாகரத்து கேட்டிருக்கிறார். பாலக்காட்டில் தெரிந்த வக்கீலையே வைத்து வழக்கை இங்கே மாற்றிவிடலாம் என்கிறார் அப்பா. கோவை வக்கீல்தான் வேண்டும் என்கிறார் அண்ணன். கையில் காசில்லை.
- பெயர் வேண்டாம், பாலக்காடு மாவட்டம்

பதில்: அண்ணன் சொல்வதுதான் சரி, சகோதரி. பாலக்காட்டு வக்கீல் கோவையில் வாதாடச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வாளையார் தாண்டி வர வேண்டும். வர முடியாத நாளில் யாரோ ஒரு ஜூனியர் எழுந்து தேதி வாங்குவார். என் சித்தி மகள் வழக்கில் இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

வழக்கை மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். கோவைக்கு ஒரு பஸ், டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயில்!

அதற்காக பாலக்காட்டு வக்கீல் வேண்டவே வேண்டாம் என்று இல்லை. ஜீவனாம்ச மனுவை நீங்கள் இப்போது வசிக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே போடலாம். பையன் உங்களோடு இருப்பதால் அவன் பொறுப்பு பற்றிய மனுவையும் அங்கேயே போடலாம். அதற்கு அப்பாவுக்குத் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வக்கீலும் ஒருவரோடொருவர் போனில் பேசிக்கொள்ள வேண்டும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று எழுதிவைத்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

சரி, காசு. பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை அது. 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காசு வாங்குகிறவர்களிலும் மட்டமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தமாக வைப்பதானால், ஒரு நாள் காலை பத்து மணிக்கே போய் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் உட்காருங்கள். கட்சிக்காரரிடம் நின்று பேசுகிறவர் யார், தலையை ஆட்டிவிட்டு ஓடுகிறவர் யார் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பேரைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘எனக்காக முதலில் என்ன மனுப் போடுவீர்கள்?’ உங்களுடையது இந்து திருமணம் என்றால், வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கணவரிடமே கேட்க இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘எல்லாம் பார்த்துக்கலாம்மா’ என்கிறவரை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ‘கட்டாயம் ஜெயிச்சிடலாம்’ என்பவரையும்தான். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது.

ஃபீஸ் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, டைப்பிங், குமாஸ்தா செலவு அதில் அடங்குமா என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்யாணப் பதிவுச் சான்று, நகை ரசீது எல்லாம் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

சம்மனில் என்ன தேதி என்று நீங்கள் எழுதவில்லை. அன்றைக்கு உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்துவார்கள். அதற்குள் வக்கீல் அமையாவிட்டாலும் நீங்களே நேரில் போய், வக்கீல் வைக்க அவகாசம் கேளுங்கள். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு, அப்பாவைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.