ஒரு வருடத்துக்குப் போதும் என்றார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 82 வயது. சர்க்கரை நோயும் இதய பலவீனமும் உண்டு. ஆறு மாதத்தில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். இனி எவ்வளவு காலம் இருக்கக்கூடும் என்பதை அவரிடமே பேச வேண்டும் என்கிறார் எங்கள் குடும்ப மருத்துவர். அப்பா மனமுடைந்து போவார் என்று நான் தடுத்துவிட்டேன். இப்போதே அவருக்குக் கணக்கு வழக்கில் பிடிப்பில்லை. வங்கி வைப்புத்தொகையை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம் என்றால், வட்டி குறைந்தாலும் ஒரு வருடத்துக்குப் போதும் என்கிறார். நான் செய்தது சரிதானே?

பதில்: சரியில்லை. கணக்கில் பிடிப்பில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வட்டி குறையும் என்று தெரிந்தே ஒரு வருடம் போதும் என்பவருக்குக் கணக்கு மறக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருப்பவர் அவர் ஒருவர்தான். எந்தப் பேச்சு அவர் காதில் விழக்கூடாது என்று காவல் நிற்கிறீர்களோ, அந்தப் பேச்சை அவரே உங்களிடம் தொடங்கியிருக்கிறார். நீங்கள் வட்டி விகிதத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டீர்கள்.

‘அப்பா தாங்க மாட்டார்’ என்று எனக்கு எழுதாத பிள்ளைகள் குறைவு. தாங்க முடியாமல் தவிப்பது நீங்கள். பெற்றவர் மேல் பாசம் உள்ளவருக்கு அது இயல்பு. ஆனால் உங்கள் பயத்தை அவருடைய பலவீனம் என்று பெயர் மாற்றி, அதன் பேரில் அவர் உடம்பைப் பற்றி அவரைக் கேட்காமல் முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியாது. பாசம் மருத்துவர்களின் கண்ணையே மறைக்கும். இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வில், மருத்துவர்களின் கணிப்பு ஐந்தில் ஒருவர் விஷயத்தில்தான் ஏறத்தாழச் சரியாக இருந்தது. பெரும்பாலும் அவர்கள் காலத்தைக் கூட்டியே சொன்னார்கள், அதிலும் நெடுநாள் பழகிய நோயாளி என்றால் கணிப்பு இன்னும் தவறியது.

ஆகவே உங்கள் மருத்துவர் நாள் குறிக்கப் போவதில்லை. சில மாதங்களா, சில வருடங்களா என்ற அளவில்தான் அவரால் பேச முடியும், ஆனால் பல முடிவுகளுக்கு அதுவே போதும். பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்கூட்டிய பரிசோதனையின் பலன் தெரிய ஏறக்குறைய 10 வருடம் ஆகும். அதற்கான வயிற்றைக் கழுவும் மருந்தின் அவதியோ அன்றைக்கே வந்துவிடும். சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் நன்மையும் வருடங்கள் கழித்தே வரும், ஆனால் சர்க்கரை சட்டென்று இறங்கி, இரவில் கழிவறைக்குப் போகிற வழியில் சுவரைத் தடவியபடியே சரிந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து இன்றிரவே இருக்கிறது. எந்த மாத்திரையைக் குறைப்பது, மூச்சுத்திணறல் வந்தால் மறுபடியும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா என்பதையெல்லாம் நீங்களும் மருத்துவரும் அவர் முதுகுக்குப் பின்னால் தீர்மானிப்பது முறையாகாது.

எல்லா முதியவர்களும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. பக்குவமான மருத்துவர், ‘இதைப் பற்றிப் பேசலாமா, எவ்வளவு தூரம் பேசலாம்?’ என்றுதான் தொடங்குவார்; வேண்டாம் என்று அப்பா சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுவார். அந்த ‘வேண்டாம்’ அப்பாவின் வாயிலிருந்து வர வேண்டும். பிள்ளை முந்திக்கொண்டு சொல்ல அதில் உரிமை இல்லை.

மருத்துவரை அழைத்து, தடையை விலக்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். அப்பா மருத்துவருக்கு எதிரே உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி அவரிடம் கேட்கப்படும்போது பதில் நீங்கள் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் வைப்புத்தொகையை அவர் சொன்னபடியே ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டு, ‘ஏன் ஒரு வருடம், அப்பா?’ என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.