ஆங்கிலத்தில் 'தி' (the) எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: முதல் தடவை சொன்னால் 'எ', மறுபடி சொன்னால் 'தி' என்று படித்தோம். 'க்ளோஸ் தி டோர்' என்பதில் எடுத்த எடுப்பிலேயே 'தி' வருகிறதே?

பதில்: அந்த விதி பாதி உண்மைதான். எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் 'தி'. முன்பே சொல்லியிருந்தாலும் தெரியும், அறையில் ஒரே கதவு இருந்தாலும் தெரியும், 'தி புக் யூ கேவ் மீ' என்று பின்னால் வரும் சொற்கள் காட்டிக்கொடுத்தாலும் தெரியும்.

தமிழில் நாம் இதை 'ஐ' உருபை வைத்துச் செய்கிறோம். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று. 'புத்தகத்தை வாங்கிவிட்டேன்' என்றால் எது என்று இருவருக்கும் தெரியும். ஆகவே அஃறிணைச் செயப்படுபொருளுக்கு 'ஐ' போடத் தோன்றினால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தி' வரும். ஆட்களுக்கு இந்தச் சோதனை உதவாது. 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்று முன்பின் தெரியாதவருக்கும் 'ஐ' போடுகிறோமே.

கேள்வி: 'தி லைஃப் இஸ் ஹார்ட்' சரியா?

பதில்: தவறு. பொதுவாக வாழ்க்கையைச் சொன்னால் 'லைஃப் இஸ் ஹார்ட்' போதும். 'தி லைஃப் ஆஃப் எ ஃபார்மர்' என்று யாருடையது எனக் குறித்தால் 'தி' வேண்டும். பன்மையும் அப்படியே: 'டாக்ஸ் பார்க்' என்றால் நாய் இனமே குரைக்கும், 'தி டாக்ஸ் ஆர் பார்க்கிங்' என்றால் நம் தெரு நாய்கள் இப்போது குரைக்கின்றன.

கேள்வி: இடப்பெயர்களுக்கு?

பதில்: ஆறு, கடல், மலைத்தொடருக்கு உண்டு: தி காவேரி, தி ஹிமாலயாஸ். தனிச் சிகரத்துக்கும் ஏரிக்கும் பொதுவாக இல்லை: மவுண்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா. நாட்டுப் பெயரில் 'ஸ்டேட்ஸ்', 'கிங்டம்' போன்ற சொல் இருந்தாலோ பெயரே பன்மையாக இருந்தாலோ வரும்: தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி மால்டீவ்ஸ். 'தி உக்ரைன்' என்று எழுதாதீர்கள். பழைய நூல்களில் அப்படி இருக்கும். 1991 விடுதலைக்குப் பின் வெறும் 'உக்ரைன்' என்பதே முறை, அந்நாட்டவரும் அதையே கேட்கிறார்கள்.

கேள்வி: 'கோ டு ஸ்கூல்', 'கோ டு தி ஸ்கூல்' இரண்டையும் பார்க்கிறேன்.

பதில்: மாணவர் படிக்கப் போனால் 'தி' இல்லை. அப்பா ஃபீஸ் கட்டப் போனால் 'டு தி ஸ்கூல்'. ஹாஸ்பிடலுக்கும் பிரிட்டிஷ் வழக்கில் இதே கணக்கு: நோயாளிக்கு 'தி' இல்லை, பார்க்கப் போகிறவருக்கு உண்டு. அமெரிக்கர்கள் ஹாஸ்பிடலுக்கு எப்போதும் 'தி' போடுவார்கள்.

கேள்வி: எப்போது 'த', எப்போது 'தீ' என்று உச்சரிப்பது?

பதில்: எழுத்தைப் பார்க்காமல் அடுத்த ஒலியைக் கேளுங்கள். உயிரொலிக்கு முன் 'தீ': தீ ஆப்பிள், தீ அவர் (மணி நேரம் என்னும் 'hour'; எச் ஒலிப்பதில்லை). 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் 'த'.