1986 பேஸ்பால் உலகத் தொடரில் ரெட் சாக்ஸின் முதல் பேஸில் நின்ற பில் பக்னர் அந்தப் பந்தை விடாமல் இருந்திருந்தால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கோப்பையை வென்றிருக்குமா?

பிடித்து அவுட் ஆக்கியிருந்தால் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும். அவ்வளவுதான். கோப்பை கையில் வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பந்து அவர் கால்களுக்கு நடுவே போகிற அந்தச் சின்ன வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் காட்டுவது அதைத்தான். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். உலகத் தொடரின் (ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை) ஆறாவது ஆட்டம், அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-3 என்று முன்னிலை, எதிரணியான மெட்ஸுக்கு இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்துவிடும், பேஸில் (ரன் எடுக்க ஓடுகிறவர் நிற்கிற இடம்) ஒருத்தர்கூட இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் 1918-க்குப் பிறகு முதல் கோப்பை. அங்கிருந்து கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் என்று வரிசையாக மூன்று பேர் ரெட் சாக்ஸ் பிட்சர் (பந்து வீசுகிறவர்) கால்வின் ஷிரால்டியின் பந்தில் சிங்கிள் அடித்தார்கள், 5-4. அப்புறம் பந்து போட பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள், அவர் போட்ட ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓடியது, நம் ஊர்க் கிரிக்கெட்டில் கீப்பரைத் தாண்டி பை போகிற மாதிரி. மிட்செல் ஓடி வந்துவிட்டார், 5-5. முன்னிலை அங்கேயே போய்விட்டது. பக்னரிடம் பந்து வருவதும், அது கால்களுக்கு நடுவே போய் மெட்ஸ் அந்த ஆட்டத்தை ஜெயிப்பதும் அதற்கும் பிறகுதான். இதில் அவர் கை எங்கே இருக்கிறது?

அதோடு தொடரும் அன்றைக்கு முடியவில்லை. ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்தது, அதில் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்து 8-5 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்றால், என் பையன் விளையாடிய சிறுவர் லீக்கில் ஒருநாள் முதல் பேஸில் நின்ற குழந்தை ஒரு தரைப்பந்தை விட்டுவிட்டது. ஒன்பது வயது இருக்கும். வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையின் அப்பா சத்தமாக "பக்னர்!" என்று கத்தினார், பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தக் குழந்தைக்கு அந்தப் பெயர் யாருடையது என்றே தெரியாது, ஆனால் திட்டு என்று மட்டும் புரிந்துவிட்டது, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டது. நான் எழுந்து போய் அந்த மனிதரிடம், அந்தப் பந்து வந்தபோது ஸ்கோர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாஸ்டன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"1986-ல் நீ திருச்சியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், உனக்கு என்ன தெரியும்" என்று சிலர் வருவீர்கள். உண்மைதான், நேரில் பார்க்கவில்லை. ஆனால் முழு ஆட்டமும் இணையத்தில் கிடைக்கிறது, பத்தாவது இன்னிங்ஸை நான் பார்த்த அளவுக்கு அந்தப் பேர்வழி பார்த்திருக்க மாட்டார்.

என்னைக் கேட்டால் கேள்வி யாரை எப்போது இறக்குவது என்று முடிவு செய்கிற ரெட் சாக்ஸ் மேனேஜர் ஜான் மெக்நமாராவிடம் கேட்க வேண்டியது. பக்னருக்குக் கணுக்கால்கள் போய் வருஷக்கணக்காகிவிட்டது. கணுக்காலை மூடுகிற உயரமான ஷூ போட்டுக்கொண்டுதான் ஆடினார், அந்தக் காலோடுதான் அந்த சீசனில் 102 ரன்கள் வரவழைத்துக் கொடுத்தார். அந்தத் தொடரில் ரெட் சாக்ஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களிலும் கடைசியில் அவரை வெளியே எடுத்துவிட்டு டேவ் ஸ்டேப்பிள்டனைத்தான் முதல் பேஸில் நிறுத்தினார்கள். ஆறாவது ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தும் செய்யவில்லை.

இப்போது 2004-க்கு வாருங்கள். உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி, மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று அடி வாங்கி, அதன் பிறகு நான்கையும் ஜெயித்த வருஷம். டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடியது, டேவிட் ஆர்டிஸ் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன் (நம் ஊர் சிக்ஸர் மாதிரி), பிட்சர் ஷில்லிங்கின் ரத்தக்கறை படிந்த சாக்ஸ் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், நான் வேறொன்றைச் சொல்கிறேன். ரெட் சாக்ஸ் கோப்பையை வென்ற உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், அக்டோபர் 27, செயின்ட் லூயிஸ். அன்றைக்கு முழு சந்திர கிரகணம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கிரகணம் விடும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், வீட்டில் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் எல்லாம் தர்ப்பை. பசியோடுதான் பார்த்தோம். கடைசிப் பந்தை செயின்ட் லூயிஸின் எட்கர் ரென்டரியா ரெட் சாக்ஸ் பிட்சர் ஃபோக்கிடமே தரையோடு அடித்தார், அவர் அதை மெதுவாக முதல் பேஸுக்குப் போட்டார். அங்கே நின்றவர் டக் மென்ட்கேவிச், தடுப்பாட்டத்துக்காகவே கடைசியில் இறக்கப்பட்டவர். தொடங்கும்போது அந்த இடத்தில் நின்றவர் ஆர்டிஸ். அணியின் பெரிய அடி அடிக்கிறவரையே அப்போதைய மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா வெளியே எடுத்துவிட்டார். 1986-ல் செய்யாமல் விட்டது 18 வருஷம் கழித்து அதே முதல் பேஸில் நடந்தது. இதை ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். இந்த ஆட்டங்களை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறார்கள். முடியும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். பள்ளிக்கூடம் போகிற குழந்தை எப்படிப் பார்க்கும்? என் பையன் எத்தனையோ அக்டோபர்களில் ஐந்தாவது இன்னிங்ஸோடு சோபாவிலேயே தூங்கிப்போனான். விளம்பரக் காசுக்காக நேரத்தைத் தள்ளுகிறார்கள், குழந்தைகள் காலையில் எழுந்து துண்டு வீடியோ பார்த்து வளர்கிறார்கள்.

சரி, பக்னர். மேஜர் லீக்கில் 2,715 ஹிட். 1980-ல் நேஷனல் லீகின் பேட்டிங் சாம்பியன். 1990-ல் திரும்பவும் ரெட் சாக்ஸுக்கு வந்து, அதே கால்களோடு அவர்களுடைய மைதானமான ஃபென்வேயில் வேலிக்குள்ளேயே பந்து கிடக்க நான்கு பேஸையும் ஓடி ஒரு ஹோம் ரன் எடுத்தார், அதுதான் அவருடைய கடைசி ஹோம் ரன். 2008 ஏப்ரலில் ஆட்டத்துக்கு முன் மரியாதைக்காக முதல் பந்து போட அவரை ஃபென்வேக்கு அழைத்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பழைய சக வீரர் டுவைட் எவன்ஸிடம் பந்தைப் போட்டார். தான் மன்னிக்க வேண்டியிருந்தது ரசிகர்களைக்கூட இல்லை, ஊடகங்களைத்தான் என்று அன்றைக்குச் சொன்னார். 2019-ல் இறந்தபோது செய்திகளில் முதலில் போட்டது மறுபடியும் அந்த வீடியோதான்.

"என்ன இருந்தாலும் பிடித்திருக்க வேண்டிய பந்துதானே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், பிடித்திருக்க வேண்டிய பந்துதான். ஷிரால்டி எடுத்திருக்க வேண்டிய அவுட், ஸ்டான்லி நேராகப் போட்டிருக்க வேண்டிய பந்து, மெக்நமாரா செய்திருக்க வேண்டிய மாற்றம், இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.