மார்ச் மாத மலைக்கு ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதீர்கள்

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் வசிக்கிறேன். வயது 43. மார்ச் மூன்றாவது வாரம் நானும் இரண்டு நண்பர்களும் உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஹர் கி துன் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பி, கையோடு கேதார்காந்தா சிகரமும் ஏறிவிட்டு வர நினைக்கிறோம். மொத்தம் 9 நாள். பையை நாங்களே சுமந்து, கூடாரத்தில் தங்குவதாகத் திட்டம். வெள்ளியங்கிரி இரண்டு முறை ஏறியிருக்கிறேன். ஃபோனில் 9 நாளும் வெயில் படம்தான் தெரிகிறது. அலுவலகத்தில் ஒருவரோ "மார்ச்சை நம்பாதே" என்கிறார். நடுவழியில் வானிலை மாறினால் எப்படித் தெரிந்துகொள்வது, என்ன செய்வது? ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், மைனஸ் 10 ஸ்லீப்பிங் பேக் தருவதாகவும் சொல்கிறார். அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் சாட்டிலைட் மெசேஜ் கருவி ஒன்று கொண்டுவருகிறார். எடுத்துப் போகலாமா?

பதில்: ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. டேராடூனிலிருந்து டெல்லிக்குத் திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்கு? பத்தாம் நாள் ராத்திரி ரயிலுக்கு கன்ஃபர்ம் ஆகி ஃபோனில் இருக்கும், அடுத்த நாள் காலை அலுவலகமும் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். உங்கள் பயணத்தில் எனக்குப் பயம் தருவது பனியைவிட அந்த டிக்கெட்தான். ஐந்தாம் நாள் மேகம் இறங்கும்போது "இன்னிக்கு ஒரு நாள் உட்காருவோம்" என்று யாராவது சொல்வார். இன்னொருவர் ஃபோனை எடுத்து நாளை எண்ணுவார். அதோடு முடிவாகிவிடும். நானே ஒரு முறை அப்படி எண்ணி நடந்திருக்கிறேன். கால் விரல் இரண்டு மரத்துப்போய், உணர்ச்சி முழுசாகத் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று.

முதல் வேலையாக அந்த டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். திரும்புவதற்கு டேராடூனிலிருந்து டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்கு இரவும் பகலும் பஸ் இருக்கிறது. 9 நாளில் ஹர் கி துன்னை மட்டும் திட்டமிடுங்கள். கேதார்காந்தாவுக்கு வைத்திருக்கும் நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வானம் ஒத்துழைத்தால் அந்த நாட்களில் ஏறுங்கள், இல்லாவிட்டால் வழியில் இருக்கும் ஓஸ்லா கிராமத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைக் கழியுங்கள்.

ஃபோனில் தெரியும் 9 நாள் வெயில் படத்துக்கு வருவோம். அதில் ஏறக்குறைய முதல் ஐந்து நாளுக்குத்தான் மதிப்பு. அதில் காட்டும் வெப்பநிலையும் பெரும்பாலும் நீங்கள் தட்டச்சு செய்த ஊருக்கானது, நீங்கள் தூங்கப்போகும் இடத்துக்கானது அல்ல. அந்த மாவட்டத்தின் தலைநகரான உத்தரகாசி 1,150 மீட்டர் சுமாரில் இருக்கிறது, ஹர் கி துன் 3,566 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உத்தரகாசியில் 18 என்று காட்டினால் மேலே 2 அல்லது 3, அதுவும் பகலில். பூஜ்ய டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 7. வெள்ளியங்கிரி ஏறிய கால்கள் இங்கேயும் உதவும், சந்தேகமில்லை. ஆனால் அங்கே வனத்துறை வழியைத் திறப்பதே பிப்ரவரி முதல் மே வரைதான். அந்த அனுபவத்தில் பனி கிடையாது.

மார்ச்சில் வானிலையை மாற்றுகிறவரை டெல்லிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். டி.வி.யில் ‘பஷ்சிமி விக்ஷோப்’ என்பார்களே, அந்த மேற்கத்திய இடையூறுதான். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரான், பாகிஸ்தான் வழியாக வருவது. மின்விசிறி போட ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் திடீரென்று பால்கனியில் ஆலங்கட்டி விழுகிறதே, அதே சமயத்தில் மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், மார்ச்சிலும் நிற்காது.

சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் இது வருவதைக் கண்டுபிடிக்கலாம். முதலில் உயரத்தில் மெல்லிய, மயிரிழை மாதிரி மேகம் பரவும். அப்புறம் சூரியனையோ நிலாவையோ சுற்றி ஒரு வட்டம் கட்டும். ‘அகல்வட்டம் பகல்மழை’ என்று நம்மூர்ப் பாட்டிகள் சொன்னது இதைத்தான். வழக்கமாக நடுங்க வைக்கும் ராத்திரி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் இதமாக இருக்கும். "பரவாயில்லையே, குளிர் விட்டுப்போச்சு" என்று நண்பர் சந்தோஷப்படும் அந்த ராத்திரிதான் எச்சரிக்கை. இந்த மூன்றில் இரண்டைப் பார்த்துவிட்டால் மறுநாள் மேலே ஏறாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலியைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நிறம் மாவட்டத்துக்கு ஒன்று. உத்தரகாசி மாவட்டத்தில் நெல் விளையும் பள்ளத்தாக்கும் உண்டு, 6,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மஞ்சளைப் பூசினால் நடக்கிறவன் எதைப் புரிந்துகொள்வான்? வனச் சோதனைச் சாவடியில் ஆதார் நகல், கட்டணம், ரசீது எல்லாம் கறாராகக் கேட்பார்கள். ஒரு சாவடியில் ஆரஞ்சு எச்சரிக்கை இருந்த நாளன்று எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர், மேகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரி, புலம்பி என்ன ஆகப் போகிறது. நிறத்தை விட்டுவிட்டு, டேராடூன் வானிலை மையத்தின் அறிக்கையில் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். ‘3,000 மீட்டரும் அதற்கு மேலும் பனிப்பொழிவு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த உயரத்துக்கு மேலே உங்கள் கூடாரம் இருக்கக் கூடாது. கோடைக்கு இதெல்லாம் பொருந்தாது என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் சஹஸ்த்ர தால் பக்கம் பனிப்புயலில் சிக்கிய, கர்நாடகத்திலிருந்து வந்த குழுவில் வழிகாட்டிகள் உட்பட 22 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

வானிலை மாறினால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். இறங்க வேண்டும், அவ்வளவுதான். கொட்டத் தொடங்குவதற்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, வந்த வழியே இறங்குங்கள். குறுக்கு வழி, புது வழி எதுவும் வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பலரும் இதில்தான் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் இறங்குவதற்குள் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. மறுநாள் காலையில் கூடாரத்தைத் திறந்தால் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது. "வா, வெயில் வந்தாச்சு, இறங்கிடலாம்" என்று கால் துறுதுறுக்கும். அன்றைக்கு நகரக் கூடாது. புதிதாக விழுந்த பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம் நடக்கிறது. உங்கள் பாதை அப்படிப்பட்ட சரிவின் அடியிலோ, மேலிருந்து இறங்கும் ஓடையின் குறுக்கிலோ போகிறதென்றால், வெயில் ஏறஏற ஆபத்தும் ஏறும். நடைக்கோலைப் பனியில் குத்திப் பாருங்கள். புதுப் பனி ஒரு அடிக்கு மேல் இருந்தால் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருங்கள். சரிவின் சாய்வு கண்ணுக்குத் தெரியவில்லையா? ஃபோனில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கும், கோலைச் சரிவின் போக்கில் பிடித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். நகரும் நாளில் பனி கெட்டியாக இருக்கும் விடியற்காலையில் கிளம்பி, பதினொரு மணிக்குள் அந்த இடங்களைத் தாண்டிவிடுங்கள். மதியத்தில் முழங்கால் வரை புதையும். இப்படி உட்கார்ந்திருப்பதற்கு மூன்று வேண்டும்: சரிவுக்குக் கீழே இல்லாத கூடாரம், இரண்டு நாள் அதிகப்படி சாப்பாடு, ரத்து செய்யப்பட்ட அந்த ரயில் டிக்கெட். குழுவில் ஒருவருக்கு உயர நோய் (உயரத்தில் காற்று மெலிவதால் வருவது) முற்றி நடை தள்ளாடினால் மட்டும் இந்தக் கணக்கும் மாறும். அப்போது காத்திருக்காமல் பாதுகாப்பான பக்கமாக எப்படியாவது கீழே கொண்டுவர வேண்டும்.

அந்த ஏஜென்ட். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றாராம். அவர் மலைக்கு வருகிறாரா என்று கேளுங்கள். வரமாட்டார். டெல்லியில் வாங்கும் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு டேராடூனில் ஒருவரிடம் தள்ளுவார், அவர் இன்னொருவரிடம் தள்ளுவார். கடைசியில் உங்களோடு நடக்கும் பையனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். அந்தப் பையனிடம் கயிறும் இருக்காது, ‘இன்றைக்குப் போக வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரமும் இருக்காது. மூன்று கை மாறி வந்த ஒரு குழுவை நான் சாங்க்ரியிலேயே பார்த்திருக்கிறேன். யாருக்குப் பணம் கட்டினோம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. கூட நடக்கப்போகும் வழிகாட்டியின் பெயரைக் கேளுங்கள், அவரோடு ஃபோனில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வானிலையால் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். இதில் ஒன்றுக்கு இழுத்தாலும் வேண்டாம். சாங்க்ரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வழிகாட்டிகள் நேரடியாகவே கிடைப்பார்கள். கையிருப்பு நாட்களுக்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள், அப்போதுதான் அவர் உங்களை அவசரப்படுத்த மாட்டார்.

மைனஸ் 10 ஸ்லீப்பிங் பேக்கும் அதே வியாபாரம்தான். நல்ல பையின் உள்சீட்டில் மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். வாடகைக் கடைக்காரர் வாய் திறந்து சொல்வது மூன்றாவதை. அந்த எண், ஆறு மணி நேரம் நடுங்கியபடி உயிரோடு இருக்கலாம் என்பதற்கான அளவு. தூங்குவதற்கானது முதல் எண். உங்களுக்கு கம்ஃபர்ட் மைனஸ் 7 அளவுக்காவது வேண்டும். சீட்டு கிழிந்த பையைத் தொடாதீர்கள்.

காட்டன் உடை வேண்டாம், உள்பனியன் உட்பட. நனைந்தால் காயாது. சமைக்க வெறும் பியூட்டேன் டப்பா வாங்காதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே அது ஆவியாகாமல் அடுப்பு அணைந்துபோகும். புரொப்பேன் கலந்ததை டேராடூனில் வாங்குங்கள். ரயிலில் கொண்டுபோவது குற்றம். பனி வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

மைத்துனர் கொண்டுவரும் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் ஃபோனும் கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் மெசேஜ் கருவிகளும் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. இதனால் வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணம் புரிகிறது. ஆனால் சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கில், உயிரைக் காக்கும் கருவியைச் சாதாரண மனிதன் முறைப்படி வாங்கி எடுத்துப்போக ஒரு எளிய வழியை இத்தனை வருடத்தில் யாரும் செய்து தரவில்லை. செயற்கைக்கோளை நாமே விடுகிறோம் என்ற பெருமை மட்டும் இருக்கிறது.

ஆகவே பழைய வழிதான். ஒரு தாளில் எந்த இரவு எந்த இடம், வழிகாட்டி பெயர், அவர் ஊர் எல்லாம் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கையிருப்பு நாட்களையும் சேர்த்து ஒரு கடைசித் தேதி போடுங்கள். ‘அன்று இரவு 8 மணி வரை ஃபோன் வராவிட்டால் உத்தராகண்ட் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவும்’ என்று அதன் கீழே எழுதுங்கள். டெல்லியிலிருந்து பேரிடர் உதவி எண்ணான 1070-ஐ மட்டும் அழுத்தினால் டெல்லிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும், அதனால் டேராடூன் அறையின் முழு எண்ணை முன்கூட்டியே தேடி அந்தத் தாளிலேயே குறித்துக்கொடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் வீட்டில் யாரும் பதற வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.