மடியில் பிறந்த கிட்டார்

அன்புள்ள ஐயா,

என் மகன் எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிறான். சாலிட்பாடி கிட்டாரை, அதாவது உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டி உடம்புக் கிட்டாரை, முதலில் செய்தது லெஸ் பாலா, லியோ ஃபெண்டரா என்று அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ஓயாத சண்டை. நீங்களோ போன கட்டுரையில், அது லேப் ஸ்டீலின் பிள்ளை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். லேப் ஸ்டீல் என்றால் எனக்குத் தெரிந்தது பழைய ஹவாய் இசைத்தட்டுகளில் குழைகிற அந்தச் சத்தம்தான். அதற்கும் ராக் கிட்டாருக்கும் என்ன உறவு?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இதை விரித்து எழுத வேண்டும் என்று எனக்கும் வெகுநாள் ஆசை. உங்கள் மகன் வீட்டுச் சண்டையில் இரண்டு கட்சியுமே கதையை நடுவில்தான் ஆரம்பிக்கிறார்கள். மின்சாரம் வந்தபின் கிட்டாருக்குச் சத்தத்தைப் பெருக்கும் அந்த வெற்றுப் பெட்டி எதற்கு என்று முதலில் துணிந்தவர்கள் அதை மடியில் வைத்து வாசித்தவர்கள்.

கோட்டுவாத்தியக் கச்சேரி பார்த்திருப்பீர்கள், தந்திமேல் கட்டையை வழுக்கிக்கொண்டே போவார்கள். லேப் ஸ்டீலும் அந்த வகைதான். கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் இரும்புத் துண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் உருவான வாசிப்பு இது, ஜோசப் கேகுகு என்பவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க் குழுக்கள் வாசித்த பிறகு அமெரிக்கா முழுக்க இந்த இசைமேல் பைத்தியம் பிடித்தது. ஆனால் பாட்டின் மெட்டை ஒற்றை ஒற்றைத் தந்தியாக இழுத்து வாசிக்கிறவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது, பக்கத்தில் நாலு வாத்தியம் சேர்ந்தால் அவர் சத்தம் காணாமல் போய்விடும். அதனால் சத்தத்துக்கு வழி தேடி அலைந்தவர்களில் இவர்கள் முன்வரிசை.

அப்படி அலைந்தவர் ஜார்ஜ் போஷாம், மேடைகளில் லேப் ஸ்டீல் வாசித்தவர். 1931இல் பால் பார்த் என்பவரோடு சேர்ந்து ஒரு பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி, செய்தார். லாட வடிவக் காந்தங்கள் இரண்டு, அவற்றின் நடுவே தந்திகள், கீழே கம்பிச்சுருள். இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலையும், சுருளில் மின்சாரம் ஓடும், அவ்வளவுதான். இதில் காற்றுக்கு வேலையே இல்லை, ஆகவே பெட்டிக்கும் வேலையில்லை. மாதிரிக்கு ஒன்றை மரத்தில் செதுக்கிப் பார்த்துவிட்டு, 1932இல் அடால்ஃப் ரிக்கன்பாக்கரோடு சேர்ந்து அலுமினியத்தில் வார்த்தே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வட்டமாக ஒரு சின்ன உடம்பு, நீளமாக ஒரு கழுத்து. ஃப்ரையிங் பேன் என்ற பட்டப்பெயர் அதற்கு இன்றுவரை நிலைத்துவிட்டது.

பெட்டி தேவையில்லை என்பதுகூடப் பாதிதான், அது உண்மையில் தொந்தரவு. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் பெட்டியை அதிர வைக்கும், அது தந்தியை அதிர வைக்கும், அதைப் பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். கல்யாண மண்டபத்தில் மைக் கூவுகிறதே, அதே கதை. தவிர, பெட்டி தந்தியின் அதிர்வைத் தின்றுவிடுகிறது, சத்தம் சீக்கிரம் செத்துவிடும். கெட்டியான உடம்பில் ஸ்வரம் நீண்டு நிற்கும். வழுக்கி வாசிக்கிறவருக்கு அதுதானே உயிர்!

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மடியில் கிடக்கிற வாத்தியம் எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தந்தியை அழுத்துகிற வேலை இல்லாததால் கழுத்து கைக்கு அடங்க வேண்டும், பிரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கவலைகளும் இல்லை. மார்போடு அணைத்து வாசிக்கிற கிட்டாருக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை. ரிக்கன்பாக்கர் 1935இல் லேப் ஸ்டீலைப் போலவே பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பானிஷ் கிட்டாரும், அதாவது மார்போடு அணைத்து வாசிக்கிற கிட்டாரும், செய்தார்கள், சின்னது, ஆனால் நல்ல கனம், பெரிதாக எடுபடவில்லை. 1940 வாக்கில் லெஸ் பால் ஒரு பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். அது கிட்டார் மாதிரியே இல்லை என்பதால், வேறொரு கிட்டாரின் உடம்பை இரண்டாக அறுத்து அந்தக் கட்டையின் இருபக்கமும் ஒட்டவேண்டியிருந்தது. கிட்டார் என்றால் பெட்டி என்று கண் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சரி, ஃபெண்டருக்கு வருவோம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1943இல் டாக் காஃப்மனோடு சேர்ந்து, ஒரு பிக்கப்பைச் சோதிப்பதற்காகவே ஒரு கெட்டிக் கட்டை கிட்டார் செய்தார். அந்தச் சோதனைக் கட்டையை ஊர் வாத்தியக்காரர்கள் வாடகைக்குக் கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். அப்புறம் இருவரும் 1945இல் தொடங்கிய கம்பெனி விற்றது லேப் ஸ்டீலும் ஆம்ப்ளிஃபயரும். இதற்கிடையில் 1948இல், ஸ்டீல் கிட்டார்கள் செய்துவந்த பால் பிக்ஸ்பி, கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்கு ஒரு சாலிட்பாடி கிட்டார் செய்து கொடுத்தார். டிராவிஸுக்கு வேண்டியிருந்தது ஸ்டீல் கிட்டாரைப் போல நீண்டு நிற்கும் ஸ்வரம்.

1950இல் ஃபெண்டரின் எஸ்குவையரும் பிராட்காஸ்டரும் வந்தன, பிராட்காஸ்டர்தான் 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. அதன் பிரிட்ஜ் (உடம்பின்மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப், அவர் அதற்குமுன் விற்றுக்கொண்டிருந்த சாம்பியன் லேப் ஸ்டீலின் பிக்கப்பை ஒட்டிச் செய்தது. அந்தப் பிக்கப்பையும் பிரிட்ஜையும் சேர்த்து மூட ஒரு பளபளப்பான உலோக மூடி, அதுவும் ஸ்டீல் கிட்டார்களில் இருந்த பழக்கம்தான். ஆனால் கிட்டார்க்காரர்கள் உள்ளங்கையை பிரிட்ஜ் ஓரம் வைத்துத் தந்தியை அமுக்கி வாசிப்பார்கள், அதற்கு மூடி இடைஞ்சல். பலர் கழற்றிவிட்டார்கள். ஆஷ்ட்ரே என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

எனவே லெஸ் பால், ஃபெண்டர் இருவருக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, போஷாமின் பெயரையும் அந்தச் சண்டைக்குள் இழுத்துவிடச் சொல்லுங்கள். ஹவாய்க் கலைஞர் சோல் ஹூபி 1930களில் மின்சார லேப் ஸ்டீலில் வாசித்த பதிவுகளையும் உங்கள் மகன் கேட்கட்டும். கேட்ட கையோடு, யாரிடமாவது டெலிகாஸ்டர் இருந்தால் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் போட்டு, விரலில் ஒரு ஸ்லைடை (தந்திமேல் வழுக்கும் குழாயை) மாட்டி ஒரு தந்தியில் மெதுவாக இழுத்துப் பார்க்கட்டும். அதற்கப்புறம் அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.