பழைய படங்களைச் சுவரில் மாட்டும்முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாட்டி வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெரிய லட்சுமி படம் கிடைத்தது. ரவி வர்மா படம் என்கிறார்கள். ஹாலில் மாட்ட ஆசை. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரவி வர்மா கையால் தீட்டிய ஓவியமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அச்சுப் படமாகத்தான் இருக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே தன் ஓவியங்கள் சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான். பிறகு அச்சகம் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறியது. அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கிக்கொண்டார். 1906-இல் ரவி வர்மா மறைந்த பிறகும் அச்சு வேலை வெகு காலம் நடந்தது. அதனால் கீழே அச்சகத்தின் பெயர் இருந்தாலும் அவர் காலத்துப் படம் என்று சொல்லிவிட முடியாது. மற்ற அச்சகங்களும் அதே படங்களைப் பார்த்துப் போட்டன.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். லட்சுமியின் கன்னத்தையும் சேலை மடிப்பையும் பாருங்கள். புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் வரிசை பிசகாமல் நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோலத் தெரிந்தால், கல்லில் படம் வரைந்து அச்சிடும் கல்லச்சாக இருக்கலாம். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சுக்குக் கொடுத்து, கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். நிறங்கள் அவ்வளவு ஆழமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

சேலையில் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. எனக்கு அச்சைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

படத்தின் ஓரம் கிழிந்திருக்கிறது. பிரேம் கடைக்காரர் லேமினேட் செய்து புது பிரேம் போடலாம் என்கிறார். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். லேமினேஷன் செய்த தாளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். செல்லோ டேப்பும் அப்படித்தான். சில வருடங்களில் பசை பழுத்து, தாளில் மஞ்சள் கறையாக ஊறிவிடும். ஃபெவிகாலும் கூடாது.

கடைக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்டக் கூடாது. அச்சகத்தின் பெயரும் எண்ணும் அங்கேதான் இருக்கும். பின்னால் இருக்கும் பழைய பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைக்க வேண்டும். தாளைப் பழுப்பாக்குவதில் அந்தப் பலகைக்குப் பெரிய பங்கு உண்டு. படத்தைச் சுற்றி மவுண்ட் எனும் அட்டை விளிம்பு வைத்து, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தில் வார்னிஷ் இளகி, கண்ணாடியோடு நிறமும் உரிந்து வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய தேக்குச் சட்டம் உறுதியாக இருந்தால் ஏன் மாற்ற வேண்டும்? துடைத்து, கரையான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையே போடச் சொல்லுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலம் வந்தால் படங்களில் பூஞ்சை பிடிக்கிறது. எங்கே மாட்டுவது?

வெளிச்சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம்; வீட்டின் நடுச்சுவர் நல்லது. சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டுங்கள், காற்று போய்வரும். நேர் வெயில் படக் கூடாது. பிடித்த பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இன்னும் ஊறும். பிரேமைப் பிரித்து நிழலில் உலரவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நிறம் பெயர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாமி படங்களைப் பூஜையறைக்கு வெளியே அலங்காரமாக மாட்டலாமா? மாமியார் கூடாது என்கிறார்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சாமி படங்கள், குடும்பப் படங்கள், ஆங்கிலேயர் காலத்து அச்சுப் படங்கள் எல்லாம் ஒரே சுவரில் இருப்பதைப் பார்க்கலாம். ஆனாலும் அத்தையின் மனம் நோக வேண்டாம். வழிபடும் படங்கள் பூஜையறையில் இருக்கட்டும். புராணக் காட்சிகள், இயற்கைக் காட்சிகள், பழைய விளம்பரப் படங்கள் ஹாலுக்கு வரட்டும். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த காலண்டர் படம் ஏதாவது வீட்டில் இருந்தால் ஹாலில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுங்கள்; பலர் வருட முடிவில் தூக்கிப் போட்டுவிட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். பத்தடி உயர ஃப்ளாட்டில் அது எடுபடாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். விளக்குக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள், கரி படியும். குங்குமம் வைப்பதானால் கண்ணாடிமேல் வையுங்கள்.

பழைய படங்கள் கட்டுப்படியாகவில்லை. புது பிரிண்ட் மாட்டினால் தப்பா?

தப்பே இல்லை. ரவி வர்மா ஓவியங்களின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தெளிவான படக் கோப்பை எடுத்து, பளபளப்பில்லாத நல்ல தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். புதிய அச்சைப் பழுப்பாக்கிப் பழையது என்று விற்பவரிடம் மட்டும் ஏமாறாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் அந்த லென்ஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் ஒன்றில் நிறம் உதிர்கிறது. நாமே சரிசெய்யலாமா?

கூடாது. வண்ணம் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது. துடைத்தால் ஓவியமே போய்விடும். சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடிப் பக்கம் கீழேயும் வண்ணப் பக்கம் மேலேயும் இருக்கும்படி மட்டமாகப் படுக்க வையுங்கள். உதிர்ந்த துணுக்குகளை ஒரு காகித உறையில் சேர்த்து வையுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலிருந்து இயங்கும் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது; முதலில் அங்கே விசாரியுங்கள்.