வெள்ளத்தில் நின்றவருக்குக் காய்ச்சல்: 'நெகட்டிவ்' என்றால் நிம்மதியா?

கேள்வி: தரைத்தள வீடு. போன மழைக்கு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். வாரி இறைத்த என் கணவருக்கு எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. மறுநாளே எடுத்த எலிக்காய்ச்சல் எலிசா டெஸ்ட் 'நெகட்டிவ்'. இனி பயமில்லையா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள். எலிசா தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்புப்பொருளை. அது ரத்தத்தில் தெரியவே காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாளாகும். முதல் வாரத்தில் கிருமியையே தேடும் பிசிஆர் டெஸ்ட்தான் உதவும். எலிசாவை ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் ரிசல்ட்டுக்காக வைத்தியம் காத்திருக்கக் கூடாது. வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று தேடுவதிலேயே நாள் ஓடிவிடும்.

எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, பித்தவெடிப்பு, சிராய்ப்பு, கண் வழியாக உடலில் நுழைகிறது. நுழைந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் காணும். கெண்டைக்காலை அழுத்தினால் கடும் வலி, பீளை கட்டாமல் கண் சிவப்பது ஆகியவை முக்கியமான அடையாளங்கள். எல்லோருக்கும் இவை வருவதில்லை. சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

நோய் லேசாக இருக்கும்போது பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, 7 நாள் தருவது வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேறு மருந்து என்பதால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, சிறுநீரகம் தாங்காது.

வீட்டைக் கழுவும்போது முதலில் சேற்றை வழித்தெடுங்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பிறகு லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். கையுறையும் கம்பூட்டும் அவசியம்.

கேள்வி: நாய்க்கு ஊசி போட்டாயிற்று. அதனிடமிருந்து எலிக்காய்ச்சல் வராதுதானே?
- வாசகர், பெரம்பூர்

பதில்: எந்த ஊசி என்று அட்டையைப் பாருங்கள். வெறிநாய்க்கடி ஊசி இதற்கு உதவாது. கூட்டுத் தடுப்பூசியின் பெயரில் 'எல்' (L) என்ற எழுத்து இருந்தால், பொதுவாக லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் அதில் அடங்கும். ஆண்டுதோறும் போட வேண்டும். அதுவும் சில வகைக் கிருமிகளைத்தான் தடுக்கும். ஆகவே நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள், அதன் சாப்பாட்டுத் தட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள். எலியை வரவழைப்பதே அந்த மிச்சச் சோறுதான்.